கிட்டார் யாருடைய சொத்து? லிவிங் கலரின் 'டைம்ஸ் அப்' குறித்து

(இசையும் சமூகமும் குறித்த இளைஞர் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் இன்று பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் இசைத்தொகுப்பு. 1990 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் வெளிவந்தது. பெயர் 'டைம்ஸ் அப்'. கெடு முடிந்துவிட்டது என்று பொருள் சொல்லலாம். உருவாக்கியவர்கள் நியூயார்க்கைச் சேர்ந்த 'லிவிங் கலர்' என்ற ஹெவி மெட்டல் குழு. இது அவர்களுடைய இரண்டாவது ஸ்டுடியோ ஆல்பம். குழுவில் நான்கு பேர். கிட்டார் வெர்னன் ரீட், பாடகர் கோரி குளோவர், பேஸ் கிட்டார் மஸ் ஸ்கில்லிங்ஸ், டிரம்ஸ் வில் கால்ஹூன். நால்வரும் கறுப்பினத்தவர்கள்.

இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அயர்ன் மெய்டன் பற்றியோ மெட்டாலிகா பற்றியோ பேச வருகிறவர் யாரும் அந்தக் கலைஞர்களின் தோல் நிறத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குவதில்லை. அவர்கள் 'ஒரு மெட்டல் குழு', அவ்வளவுதான். லிவிங் கலர் என்றால் மட்டும் 'கறுப்பின மெட்டல் குழு' என்ற அடைமொழி வந்து ஒட்டிக்கொள்கிறது. நானும் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சிலர் வெறும் இசைக்கலைஞர்கள், சிலர் மட்டும் தங்கள் பிறப்போடு சேர்த்து அறிமுகப்படுத்தப்படுகிறவர்கள். இந்தப் பிரிவினை நமக்குப் புதிதா? 'எழுத்தாளர்' என்றும் 'தலித் எழுத்தாளர்' என்றும் பிரித்துச் சொல்லிப் பழகிய சமூகத்திலிருந்துதானே நாம் வருகிறோம்.

அதனால் இந்த ஆல்பத்தை ஒரு கேள்வியோடு அணுகலாம் என்று நினைக்கிறேன். ஒரு இசை யாருடையது என்று யார் தீர்மானிக்கிறார்கள்?

முதலில் கொஞ்சம் வரலாறு. ராக் இசையின் வேர் கறுப்பின மக்களின் புளூஸ். ஜிம்மி ஹென்ட்ரிக்ஸ் வருவதற்கு வெகு காலம் முன்பே, தேவாலயப் பாடல்களை எலெக்ட்ரிக் கிட்டாரில் அதிரவைத்தவர் சிஸ்டர் ரோசெட்டா தார்ப் என்ற கறுப்பினப் பெண். அவருக்கு 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' என்ற பெருமைப் பட்டியலில் இடம் கிடைத்தது 2018இல். அவர் இறந்தது 1973இல். கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

'ஹவுண்ட் டாக்' என்ற பாட்டை எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டாகத்தான் உலகம் அறியும். அவர் அதைப் பதிவு செய்தது 1956இல். அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1952இல் அதைப் பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன். அந்தப் பாட்டுக்காகத் தனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 500 டாலர் காசோலைதான் என்று அவர் சொல்லியிருக்கிறார். லிட்டில் ரிச்சர்டின் 'டுட்டி ஃப்ரூட்டி' 1955இல் வந்தது. அதே பாட்டைச் சில மாதங்களில் பாட் பூன் என்ற வெள்ளைப் பாடகர் பாடினார். பொதுத் தரவரிசையில் அசலைவிட நகல்தான் மேலே ஏறியது.

ஹெவி மெட்டலுக்கு வழிபோட்ட குழுக்களில் ஒன்று லெட் செப்பலின். அவர்களுடைய புகழ்பெற்ற 'ஹோல் லாட்டா லவ்' பாட்டுக்காக வில்லி டிக்சன் என்ற கறுப்பின புளூஸ் கலைஞர் 1985இல் வழக்குத் தொடுத்தார். மட்டி வாட்டர்ஸ் பாடிய தன்னுடைய பாட்டிலிருந்து எடுத்தது என்பது அவர் வாதம். 1987இல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம் ஆனது. அதன் பிறகு டிக்சன் பெயரும் பாட்டின் ஆசிரியர்களில் ஒன்றாகச் சேர்ந்தது. பாட்டு வந்தது 1969இல் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவையெல்லாம் திருட்டுக் கதைகள். திருட்டைப் பற்றிப் பேசுவது எளிது, கோபமும் உடனே வரும். ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது வேலி போட்ட கதை.

1920இல் மேமி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகி பாடிய 'கிரேஸி புளூஸ்' இசைத்தட்டு பெரிய அளவில் விற்றது. கறுப்பின மக்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்று தனி வரிசை தொடங்கினார்கள். 'இனத் தட்டுகள்'. வெள்ளைக் கிராமத்து ஏழைகளின் இசைக்கு 'ஹில்பில்லி' என்று இன்னொரு வரிசை. காட்டான் என்கிற மாதிரியான சொல் அது. தெற்கு மாநிலங்களில் கறுப்பர்களும் ஏழை வெள்ளையர்களும் ஒருவர் பாட்டை ஒருவர் கேட்டு, வாசித்து, கலந்து வாழ்ந்தவர்கள். கம்பெனி அட்டவணையில் இரண்டும் இரண்டு சாதியாகிவிட்டன. கார்ல் ஹாக்ஸ்ட்ரோம் மில்லர் என்ற வரலாற்றாய்வாளர் 2010இல் 'செக்ரிகேட்டிங் சவுண்ட்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். கலந்து கிடந்த ஒலியைத் தோல் நிறப்படி பிரித்து அடுக்கியது வணிகம் என்பது அவர் காட்டுகிற உண்மை.

பில்போர்டு பத்திரிகை 1949 வரை கறுப்பின இசையின் தரவரிசைக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்' என்றே பெயர் வைத்திருந்தது. பிறகு 'ரிதம் அண்ட் புளூஸ்'. பிறகு 'சோல்'. 1982இல் நேரடியாகவே 'பிளாக்' என்று வைத்தார்கள். 1990இல் மறுபடி 'ஆர் அண்ட் பி'. பலகையில் பெயர் மாறிக்கொண்டே இருந்தது, தெரு மாறவில்லை. ஊர், சேரி என்ற பிரிவினை அறிந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்தப் பிரிவினையின் விளைவு என்ன? 1980களில் ஒரு கறுப்பின இளைஞர் எலெக்ட்ரிக் கிட்டாரோடு கம்பெனி வாசலில் நின்றால், அவருக்கு எந்தக் கதவும் இல்லை. ராக் வானொலிகள் "இது எங்கள் நேயர்களுக்கானது இல்லை" என்று ஒதுக்கும். கறுப்பின வானொலிகள் "இது வெள்ளைக்காரர் இசை ஆயிற்றே" என்று ஒதுக்கும். எம்டிவி தொடங்கிய புதிதில் கறுப்பினக் கலைஞர்களை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று 1983இல் டேவிட் போவி அந்தத் தொலைக்காட்சியின் பேட்டியிலேயே கேட்டார். தாத்தா கட்டிய வீட்டுக்குள் பேரன் போகவேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும் என்பதுதான் நிலைமை.

வெர்னன் ரீட் இந்தச் சூழலில் வந்தவர். கரீபியப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்து புரூக்லினில் வளர்ந்தவர். ஜாஸ் இசையில் பயின்ற கை. 1984 வாக்கில் லிவிங் கலரைத் தொடங்குகிறார். 1985இல் விமர்சகர் கிரெக் டேட், கோண்டா மேசன் ஆகியோரோடு சேர்ந்து 'பிளாக் ராக் கோயலிஷன்' என்ற அமைப்பை உருவாக்குகிறார். கறுப்பின ராக் கூட்டமைப்பு. ஆல்பம் வருவதற்கு முன்பே அமைப்பு வந்துவிட்டது என்பதை இங்கே அடிக்கோடிட விரும்புகிறேன். தனி ஒருவரின் திறமை கதவைத் திறக்கும் என்று அவர்கள் நம்பிக்கொண்டிருக்கவில்லை. கூடினார்கள், பேசினார்கள், அறிக்கை வெளியிட்டார்கள், சேர்ந்து நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். ராக் இசை எங்கள் முன்னோரின் இசை, அதன் வாரிசுகள் நாங்கள் என்பதே அவர்களின் நிலைப்பாடு. 'எங்களுக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்' என்பதற்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முன்னது வேண்டுகோள், பின்னது உரிமை.

1988இல் முதல் ஆல்பம் 'விவிட்' வந்தது. மால்கம் எக்ஸின் குரலோடு தொடங்கும் 'கல்ட் ஆஃப் பெர்சனாலிட்டி' அதில்தான் இருக்கிறது. பெரிய வெற்றி. கிராமி விருதும் வந்தது. ஆனால் அந்த ஆல்பம் வெளிவந்த விதத்தில் ஒரு முள் இருக்கிறது. பல கம்பெனிகள் கைவிரித்த நிலையில், ரோலிங் ஸ்டோன்ஸ் பாடகர் மிக் ஜாகர் இவர்கள் வாசிப்பைக் கேட்டுவிட்டு இரண்டு பாட்டுகளை முன்னோட்டப் பதிவாகத் தயாரித்துக் கொடுத்தார். அதன் பிறகுதான் வழி பிறந்தது. புளூஸ் கேட்டு வளர்ந்து புகழ்பெற்ற ஒரு வெள்ளைக் கலைஞரின் சிபாரிசு, புளூஸின் பேரர்களுக்குத் தேவைப்பட்டது. ஜாகரின் நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஒருவரின் நல்லெண்ணத்தை நம்பித்தான் திறமை பிழைக்க வேண்டும் என்ற அமைப்பைத்தான் கேள்வி கேட்கிறேன்.

1989 அக்டோபரில், லாஸ் ஏஞ்சலிஸில் ரோலிங் ஸ்டோன்ஸ் நிகழ்ச்சிகளில் லிவிங் கலரும் கன்ஸ் அண்ட் ரோசஸ் குழுவும் முன்னதாக வாசித்தார்கள். கன்ஸ் அண்ட் ரோசஸ் அதற்கு முந்தைய ஆண்டு வெளியிட்ட 'ஒன் இன் எ மில்லியன்' பாட்டில் கறுப்பர்களையும் தன்பால் ஈர்ப்பாளர்களையும் குடியேறிகளையும் இழிவுபடுத்தும் சொற்கள் இருந்தன. பாடகர் ஆக்ஸல் ரோஸ் மேடையிலேயே அதை நியாயப்படுத்தினார். வெர்னன் ரீட் சும்மா இருக்கவில்லை. அதே மேடையில் அந்தச் சொற்களுக்கு எதிராகப் பேசினார். தன் இனத்தின் மீதான வசையை மட்டும் தனியாகப் பிரித்து எடுக்காமல், தன்பால் ஈர்ப்பாளர்கள் மீதான வசையையும் சேர்த்தே கண்டித்தார். எதிரில் இருந்தது பெரும்பாலும் வெள்ளைக் கூட்டம். அந்தத் துணிச்சலோடுதான் இரண்டாவது ஆல்பத்துக்குள் போகிறார்கள்.

பொதுவாக இரண்டாவது ஆல்பம் என்பது ஒரு சிக்கல். முதலாவது வென்றுவிட்டால், "அதையே திருப்பிச் செய்" என்று கம்பெனி சொல்லும், ரசிகர்களும் சொல்வார்கள். ஒடுக்கப்பட்ட கலைஞருக்கு இந்த நெருக்கடி இரட்டிப்பு. முதல் முறை உள்ளே விட்டதே பெரிது, இனி அடங்கி ஒடுங்கி இரு என்ற எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்ளும். லிவிங் கலர் நேர் எதிராகச் செய்தார்கள். 15 தடங்கள் கொண்ட 'டைம்ஸ் அப்' ஒரே வகைக்குள் நிற்க மறுக்கிறது.

முதல் பாட்டு, ஆல்பத்தின் பெயரையே கொண்டது. பூமியைச் சீரழித்துக்கொண்டே இருந்தால் மிஞ்சப்போவது என்ன என்ற எச்சரிக்கை. வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் போன்ற கறுப்பின ஹார்ட்கோர் பங்க் குழுக்களின் வேகம் அதில் இருக்கிறது. கறுப்பினக் குழு என்றால் இனப் பிரச்சினை மட்டும்தான் பேசும் என்று எதிர்பார்த்தவருக்கு முதல் அடியே அங்கேதான். எங்களுக்கும் பூமியைப் பற்றிக் கவலைப்படத் தெரியும், எங்கள் அக்கறைக்கு எல்லை வகுக்க நீ யார் என்பது போல.

அடுத்து 'ஹிஸ்டரி லெசன்', பேச்சுக் குரல்களால் ஆன சிறு துணுக்கு. அதிலிருந்து நேராக 'பிரைட்'. பெருமிதம். எழுதியவர் டிரம்மர் வில் கால்ஹூன். பாடப்புத்தகத்தில் மறைக்கப்பட்ட வரலாறு, கறுப்பின மக்களின் நடை உடை பாட்டை எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த மக்களை மட்டும் வேண்டாம் என்று சொல்லும் சமூகம், இந்த இசையை நீ ஏன் வாசிக்கிறாய் என்ற கேள்விக்குப் பதில், மூன்றும் அந்தப் பாட்டில் சேர்ந்து வருகின்றன. கிட்டார் அங்கே கெஞ்சவே இல்லை.

'டைப்' என்ற பாட்டு மனிதர்களை வகைப்படுத்தும் வெறியைப் பற்றியது. 'நியூ ஜாக் தீம்' போதைப்பொருள் விற்கும் ஓர் இளைஞனின் குரலில் பேசுகிறது. 1980களின் இறுதியில் கறுப்பினக் குடியிருப்புகளை கிராக் கொக்கெய்ன் சூறையாடிய காலம் அது. அந்த இளைஞனுக்கு உபதேசமும் இல்லை, அவனைப் புனிதப்படுத்துவதும் இல்லை. அவன் தன் கணக்கைத் தானே சொல்கிறான், கேட்டுக்கொள்வது நம் வேலை. 'அண்டர் கவர் ஆஃப் டார்க்னஸ்' பாட்டில் குவீன் லத்தீஃபாவின் ராப் வருகிறது. 'சோலஸ் ஆஃப் யூ' ஆப்பிரிக்க கிட்டார் இசையின் இதமான சாயலில் நடக்கிறது. 'லவ் ரியர்ஸ் இட்ஸ் அக்லி ஹெட்' சோல் இசையின் குழைவோடு காதலைக் கேலி செய்கிறது. மெட்டல், பங்க், ஃபங்க், ஜாஸ், ராப், ஆப்பிரிக்க இசை எல்லாம் ஒரே தட்டில். கம்பெனிகள் 70 ஆண்டுகளாகப் பிரித்து அடுக்கியதை இந்த நான்கு பேரும் ஒரு மணி நேரத்தில் கலைத்துப் போடுகிறார்கள்.

நான் அதிகம் பேச விரும்பும் பாட்டு 'எல்விஸ் இஸ் டெட்'. எல்விஸ் 1977இல் இறந்துபோனார். ஆனால் அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார், அங்கே பார்த்தோம், இங்கே பார்த்தோம் என்று மலிவுப் பத்திரிகைகள் அந்தக் காலத்தில் எழுதிக்கொண்டே இருந்தன. பாட்டு அந்தப் பித்தைக் கிண்டல் செய்கிறது. நடுவில் ஒரு குரல் வந்து ராப் பாடுகிறது. யார் குரல்? லிட்டில் ரிச்சர்ட். எந்த வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டாரோ, அந்த மனிதரே வந்து எல்விஸின் மரணச் செய்தியை அறிவிக்கிறார். சாக்சபோன் வாசிப்பவர் ஜேம்ஸ் பிரவுன் குழுவில் வாசித்த மேசியோ பார்க்கர். பாட்டின் இறுதியில் எல்விஸின் மாளிகையான கிரேஸ்லேண்ட் வருகிறது. பால் சைமன் 1986இல் அந்த மாளிகையின் பெயரிலேயே ஒரு பாட்டு எழுதினார். எல்லோரும் அங்கே வரவேற்கப்படுவோம் என்ற நம்பிக்கை அதில் இருக்கும். லிவிங் கலர் அந்த நம்பிக்கையைத் தலைகீழாகப் புரட்டுகிறது. வாசல் எல்லோருக்கும் திறக்காது என்பதை நாங்கள் அறிவோம் என்கிறது.

இந்தப் பாட்டை எல்விஸ் மீதான வசையாகக் கேட்டால் பாதிதான் கேட்டதாகும். எல்விஸ் திறமைசாலி, அதில் மறுப்பில்லை. ஒருவரை அரசராக முடிசூட்டி, அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்களை அடிக்குறிப்பாக்கிய ஏற்பாட்டைத்தான் பாட்டு குறிவைக்கிறது. செத்த அரசரை விடாமல் உயிர்ப்பித்தார்கள், அதே நேரத்தில் அன்று உயிரோடிருந்த லிட்டில் ரிச்சர்ட் காதில் விழவில்லை. அந்த அபத்தத்தைச் சிரித்துக்கொண்டே சொல்வதில்தான் பாட்டின் பலம்.

இதே பாட்டில் மிக் ஜாகரின் குரலும் இருக்கிறது. இது முரண்பாடா? ஆமாம், முரண்பாடுதான். அதை மூடி மறைக்க வேண்டியதில்லை. பெரிய கம்பெனியின் பணத்தில், பெரிய கம்பெனியின் விநியோகத்தில் வந்த ஆல்பம் இது. கம்பெனிகளைக் கேள்வி கேட்கும் பாட்டைக் கம்பெனியே விற்கிறது. 1991இல் இதற்கும் கிராமி விருது கொடுத்தார்கள். ஆனால் விருதும் வாய்ப்பும் லிவிங் கலர் என்ற ஒரு பெயரைச் சுற்றியே நின்றன. தெற்கு பிராங்க்ஸின் 24-7 ஸ்பைஸ், லாஸ் ஏஞ்சலிஸின் ஃபிஷ்போன் போன்ற குழுக்களை அந்த அளவுக்கு உயரவிடவில்லை. ஒருவரை உள்ளே விட்டுவிட்டு, "பார், நாங்கள் யாரையும் தடுக்கவில்லையே" என்று அவரையே சாட்சியாகக் காட்டுவது ஆதிக்கத்தின் பழைய உத்தி. அது எந்த நாட்டிலும் ஒன்றுதான். 1995இல் லிவிங் கலர் கலைந்தது, 2000இல் மீண்டும் சேர்ந்தது. ஆனால் பிளாக் ராக் கோயலிஷன் என்ற அமைப்பு குழு கலைந்திருந்த காலத்திலும் இயங்கியது. நட்சத்திரத்தைவிட அமைப்புக்கு ஆயுள் அதிகம் என்பதற்கு இது சான்று.

இதையெல்லாம் நாம் ஏன் பேச வேண்டும்? அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பக்கத்திலேயே ஹார்லெம். 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்கு அவர் கடிதம் எழுதினார், டு பாய்ஸும் பதில் எழுதினார். 1972இல் பம்பாயில் உருவான தலித் பாந்தர்ஸ், பிளாக் பாந்தர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டது. சாதியும் நிறவெறியும் ஒன்றே என்று நான் சொல்ல வரவில்லை. சாதிக்குத் தோல் நிறம் தேவையில்லை, பெயரும் ஊரும் தெருவும் போதும். வேறுபாடுகளை மனதில் வைத்துக்கொண்டே ஒருவர் போராட்டத்திலிருந்து மற்றவர் கற்றுக்கொள்ளலாம் என்பதற்குத்தான் இந்த வரலாறு.

அப்படிக் கற்றுக்கொள்ள இந்த ஆல்பத்தில் என்ன இருக்கிறது? ஆதிக்கச் சாதிகளுக்கு மட்டுமல்ல, முற்போக்காளர்களாகிய நமக்கும் அது ஒரு கேள்வி வைத்திருக்கிறது. நம் கூட்டங்களுக்கு ஒரு தலித் இளைஞர் பறையோடு வந்தால் கைதட்டுகிறோம். தட்ட வேண்டும், அது போராடி மீட்ட கருவி. கானா பாடினால் கொண்டாடுகிறோம். அதே இளைஞர் டிஸ்டார்ஷன் கிட்டாரோடு வந்து மெட்டல் வாசித்தால்? பியானோவில் அமர்ந்தால்? சாதியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லாமல், மழையைப் பற்றியோ காதலைப் பற்றியோ பாடினால்? "இது நம் மக்கள் இசை இல்லையே", "இதில் அரசியல் எங்கே" என்று கேட்க நம்மில் எத்தனை பேர் தயாராக இருக்கிறோம்? இழிவுபடுத்தி ஒதுக்குவது ஒரு வேலி. உனக்கென்று இருப்பது இதுதான், இதையே வாசி என்று அன்போடு சொல்வதும் வேலிதான். முதல் வேலியில் முள் கண்ணுக்குத் தெரியும், இரண்டாவதில் பூக்கொடி படர்ந்திருக்கும்.

'டைம்ஸ் அப்' இரண்டு வேலிகளையும் மறுக்கிறது. தன் முன்னோரின் இசைக்கு உரிமை கோருகிறது, அதே மூச்சில் எல்லா இசைக்கும் உரிமை கோருகிறது. மறைக்கப்பட்ட வரலாற்றைப் பற்றிப் பாடிவிட்டு, அடுத்த பாட்டிலேயே காதலைக் கேலி செய்துகொண்டு சிரிக்கிறது. கோபப்படுவதற்கு மட்டும் அனுமதிக்கப்பட்டவர்கள் சிரிப்பதும், வலியைப் பேச மட்டும் அழைக்கப்பட்டவர்கள் பூமியின் எதிர்காலத்தைப் பேசுவதும் சமத்துவத்தின் பகுதிதான் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

வீட்டுக்குப் போய் இந்த ஆல்பத்தை ஒலியைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். பிடித்தால் நல்லது, பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை, மெட்டல் எல்லோருக்கும் உடனே பிடித்துவிடாது. ஆனால் அடுத்த முறை நம் மேடையில் ஒருவரைப் பாட அழைக்கும்போது, "உங்கள் மக்களின் பாட்டு ஒன்று பாடுங்கள்" என்று சொல்வதற்குப் பதிலாக, "உங்களுக்கு என்ன பாடத் தோன்றுகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். என்ன பாடுவது என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

 ஜெய்பீம்.